நிலைத்தூண்டிலில் கொடுவா பிடித்தல் (மரக்காணம் கடற்கரை)

நிலைத்தூண்டில் என்பது, மீனவர் கையில் பிடித்துக்கொண்டிராமல், இரை கோத்து ஓரிடத்தில் கட்டி நிறுத்திவிட்டு, மீன் மாட்டியதற்கான அடையாளம் தெரிந்தபின் சென்று எடுக்கும் தூண்டில் ஆகும். கரையில் நட்ட கழியிலோ, பாலத்தூணிலோ, நீரில் மிதக்கும் தக்கையிலோ இதைக் கட்டலாம். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையை ஒட்டிய கழிகளிலும் முகத்துவாரத்திலும் கிடைக்கும் மீன்களுள் தூண்டிலுக்கு மிகவும் விரும்பப்படுவது கொடுவா. பனி உறைந்த நாடுகளில் ஏரியின் மேல் துளையிட்டு, கொடி நிமிரும் தூண்டிலை வைத்து மீன் பிடிக்கிறார்கள். வேலையின் அடிப்படையில் அதுவும் இதுவும் ஒரே முறைதான். இக்கட்டுரை கொடுவாவின் இயல்பு, நிலைத்தூண்டிலின் அமைப்பு, உப்பளக் கரையின் நீர்நிலை, இம்மீன் குறையாமல் இருக்கக் கவனிக்க வேண்டியவை ஆகியவற்றை விளக்குகிறது.

பெயர்

கொடுவாவின் அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். ஜெர்மானிய மருத்துவரும் இயற்கையியலருமான மார்க்கஸ் பிளாக் 1790 இல் இதை முதன்முதலில் விவரித்தார். 'கால்காரிஃபர்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் குதிமுள் தாங்கியது என்று பொருள். செவுள் மூடியின் ஓரத்தில் உள்ள முள்ளையும் வாள் போன்ற பற்களையும் இது குறிக்கிறது. வங்காளத்தில் பேட்கி என்றும், கேரளத்தில் காளாஞ்சி என்றும், ஆந்திரத்தில் பண்டுகப்பா என்றும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் இதே மீனை அழைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ஆசியக் கடல் பாஸ் என்று பெயர். ஆனால் அமெரிக்க ஏரிகளில் பிடிக்கப்படும் பெருவாய் பாஸ் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கொடுவா லேட்டிடே குடும்பம். பெருவாய் பாஸ் சென்ட்ரார்க்கிடே குடும்பம். இரண்டுக்கும் பெரிய வாய், மறைந்திருந்து பாயும் பழக்கம், கட்டை, பாறை, வேர் போன்ற மறைவிடங்களை நாடும் இயல்பு ஆகியவை பொது. 

இடம்

மரக்காணம், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. ஊரைச் சுற்றி 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. ஊருக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் கழுவேலி என்னும் பெரிய ஆழமற்ற நீர்நிலை உள்ளது. மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் கழுவேலியில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஓடை வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்கிறது. ஆந்திரத்தின் காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாயும் இப்பகுதியில்தான் முடிகிறது. கழிமுகத்தின் வடகரையில், செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள், ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன.

நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருப்பதே இவ்விடத்தின் சிறப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவேலி ஏறக்குறைய நன்னீராகிவிடும். மாசிக்குப் பிறகு மழைநீர் வடிந்து, கடல்நீர் ஏறி, வெயிலில் வற்றி உப்பு கூடிக்கொண்டே போகும். கோடையின் முடிவில் பல இடங்கள் காய்ந்து வெடிக்கும். இத்தகைய மாற்றங்களைத் தாங்கும் மீன்கள் சிலவே. கொடுவா அவற்றுள் ஒன்று.

கொடுவாவின் உடலமைப்பு

கொடுவா நீண்டு, பக்கவாட்டில் சற்றுத் தட்டையாக இருக்கும். தலையின் மேற்பகுதி கண்ணுக்கு மேல் உள்வாங்கி, முதுகில் உயர்ந்து நிற்கும். கீழ்த்தாடை மேல்தாடையை விட முன்னால் நீண்டிருக்கும். வாயின் ஓரம் கண்ணுக்குப் பின்னால் வரை செல்லும். உடல் வெள்ளி நிறம். முதுகு சாம்பல் அல்லது பச்சை கலந்த பழுப்பு. வால் விசிறி போல் உருண்டிருக்கும். இரவில் விளக்கு ஒளி பட்டால் கண்கள் செம்பொன்னாக மின்னும்.

பிடிப்பவர் அறிந்திருக்க வேண்டிய உறுப்புகள் இரண்டு. முதலாவது பற்கள். கொடுவாவின் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானவை. சீலா, சுறாவுக்கு இருப்பதைப் போல வெட்டும் பற்கள் அல்ல. ஆகவே இது தூண்டில் நரம்பைக் கடித்து அறுப்பதில்லை. இரண்டாவது செவுள் மூடி. அதன் ஓரம் கத்தி போல் கூர்மையானது. மீன் தலையை உதறும்போது நரம்பு அதில் உரசி அறுகிறது. அவசரத்தில் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்குபவரின் கையும் அறுபடுகிறது.

அதிகபட்சமாக 2 மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் அடையக்கூடிய மீன் இது. கழிகளில் பிடிபடுபவற்றுள் பெரும்பாலானவை சில கிலோ எடைக்கு உட்பட்டவையே.

வாழ்க்கைச் சுழற்சி

கொடுவா கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில் முட்டையிடுகிறது. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையது; நீரில் மிதப்பது. வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஏறும் நீரோடு கழிக்குள் நுழைந்து, புல்லும் சேறும் வேரும் நிறைந்த ஆழமற்ற இடங்களில் வளர்கின்றன. சில நன்னீருக்கும் செல்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடுவதற்காக மீண்டும் கழிமுகத்துக்குத் திரும்புகின்றன. அதாவது, இந்த மீனுக்குக் கடலும் தேவை, கழியும் தேவை. இரண்டுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு உள்ளே வர முடியாது. தாய் வெளியே போக முடியாது.

இதனினும் வியப்பானது இதன் பால் மாற்றம். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் ஆணாக இருந்து இனப்பெருக்கம் செய்தபின், பெண்ணாக மாறுகின்றன. ஆசிய நீர்நிலைகளில் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ எடையுள்ளவை பெரும்பாலும் ஆண்கள். 4 முதல் 6 கிலோவைத் தாண்டியவை பெரும்பாலும் பெண்கள். நன்கு வளர்ந்த ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் பல பத்து இலட்சம் முட்டைகளை இடும்.

இதை ஒரு வகுப்பறைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு கழியில் 100 கொடுவாக்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 90 சிறியவை, 10 பெரியவை. பெரியவை பத்தையும் பிடித்துவிட்டால், எண்ணிக்கையில் குறைந்தது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் முட்டையிடும் மீன்கள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. மீதமுள்ள ஆண்கள் பெண்ணாக மாறும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சிறியவற்றையும் விடாமல் பிடித்தால் அந்தக் காத்திருப்புக்கும் பயனில்லை.

இரை எடுக்கும் விதம்

கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் அன்று. காத்திருந்து பிடிக்கும் மீன். பாலத்தூண், கல் அணை, மதகு, மூழ்கிய மரம் ஆகியவற்றின் நிழலில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். இறாலோ மடவைக்குஞ்சோ அடித்து வரப்பட்டால் வாயைத் திடீரெனத் திறக்கும். வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப நீர் பாயும்போது, இரையும் அதனுடன் உள்ளே போகிறது. நீர்மட்டத்தில் இது நடந்தால் 'டப்' என்ற ஒலி கரை வரை கேட்கும்.

இந்த முறையால் நிலைத்தூண்டிலுக்கு இரண்டு வசதிகள் உண்டு. இரையை மீன் முழுதாக உள்ளிழுப்பதால் முள்ளும் உள்ளே போகிறது. மீன் தன் இடத்துக்குத் திரும்ப முயலும்போது நரம்பு இறுகி, முள் தானாகவே ஏறுகிறது. மீனவர் சுண்டி இழுக்க வேண்டிய அவசியம் குறைவு.

தூண்டிலின் உறுப்புகள்

நிலைத்தூண்டிலில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

1. நங்கூரம் அல்லது கட்டுமிடம்: சேற்றில் ஆழமாக நட்ட கழி, பாலத்தூண், கல். மிதக்கும் தூண்டிலாயின் ஒரு கல்லோ மண் நிரப்பிய பையோ போதும். நட்ட கழி சற்று வளையக்கூடியதாக இருப்பது நல்லது. விறைப்பான கட்டுமிடத்தில் மீனின் முதல் இழுப்பிலேயே நரம்பு அறுந்துவிடும்.

2. நரம்பு: கடற்கரையில் தங்கூசி எனப்படும் நைலான் ஒற்றை இழை. கொடுவாவுக்கு 0.8 மில்லிமீட்டர் அளவுள்ளது ஏற்றது.

3. முன்நரம்பு: முள்ளுக்கு முன்னால் வரும் ஒரு முழ நீளப் பகுதி. செவுள் மூடியின் உரசலைத் தாங்க இது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிப்பாக இருக்க வேண்டும்.

4. முறுக்குவளையம்: நரம்புக்கும் முன்நரம்புக்கும் நடுவே சுழலும் சிறு பித்தளை வளையம். உயிர் இரை சுற்றினாலும் நரம்பு முறுக்கேறாமல் இது காக்கிறது.

5. ஈயக்குண்டு: இரையை வேண்டிய ஆழத்தில் நிறுத்துகிறது. ஓட்டம் மிகுந்த முகத்துவாரத்தில் கனமானதும், தேங்கிய கழியில் இலேசானதும் தேவை.

6. தூண்டில் முள்: சாதாரண முள்ளை விட, முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் நிலைத்தூண்டிலுக்குப் பொருத்தம். மீன் விலகி நீந்தும்போது அது தொண்டையிலோ குடலிலோ குத்தாமல் வாயோரத்தில் பதிகிறது. சிறிய மீனாக இருந்தால் காயமின்றிக் கழற்றி விட முடிகிறது.

7. அடையாளம்: மீன் மாட்டியதைத் தூரத்திலிருந்து காட்டும் பொருள். தக்கை மூழ்குவது, மூடிய பிளாஸ்டிக் புட்டி துள்ளுவது, கழியின் நுனி வளைவது, அதில் கட்டிய சிறு மணி ஒலிப்பது எல்லாம் இவ்வகை. நிலைத்தூண்டிலின் உயிர்நாடி இதுவே. அடையாளம் இல்லாத தூண்டிலில் மாட்டிய மீன் பல மணிநேரம் கிடந்து செத்துக் கெடும், அல்லது நண்டுக்கும் பாம்புக்கும் இரையாகும்.

ஒரே நீண்ட கயிற்றில் பல கிளை நரம்புகளும் முட்களும் கட்டிக் கடலில் விடுவதும் நிலைத்தூண்டிலின் ஒரு வகையே. தமிழகக் கடற்கரையில் அதை ஆயிரங்கால் தூண்டில் என்பர். குறுகிய கழியில் அது ஓடங்களுக்கும் வலைகளுக்கும் இடையூறாகும் என்பதால், தனித்தனித் தூண்டில்களே ஏற்றவை.

இரை

உயிருள்ள இறால், மடவைக்குஞ்சு, சிறு கெண்டை போன்றவை சிறந்த இரைகள். கொடுவா அசையும் இரையையே நாடுகிறது. செத்த இரைக்கு நண்டும் கெளுத்தியும்தான் பெரும்பாலும் வரும். இறாலை வால் பகுதியில் மேலோட்டமாகக் கோக்க வேண்டும். தலைக்குள் தெரியும் கருத்த பகுதியில் முள் பட்டால் இறால் உடனே இறந்துவிடும். மடவைக்குஞ்சை முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பில் படாமல் கோப்பது வழக்கம்.

இரையை வீச்சுவலையில் பிடித்து, நீர் மாற்றிய வாளியில் வைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். ஆகவே வாளியை நிழலில் வைத்து, அடிக்கடி கழிநீரை மாற்ற வேண்டும்.

நேரமும் ஓட்டமும்

மரக்காணம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரியதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் ஆழமற்ற கழியில் அந்த ஒரு மீட்டரே பெரிய மாற்றத்தை உண்டாக்கும். நீர் ஏறும்போது சிறுமீன்கள் கரையோரப் புல்லுக்குள் பரவுகின்றன. வடியும்போது அவை ஓடையின் குறுகிய வாயில் வழியாக வெளியேறியாக வேண்டும். கொடுவா அந்த வாயிலில் காத்து நிற்கும். ஆகவே நீர் வடியத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தூண்டிலுக்கு ஏற்றது. அது அதிகாலையிலோ அந்தி நேரத்திலோ அமைந்தால் இன்னும் நல்லது.

வடகிழக்குப் பருவமழை பெய்து கழுவேலி நிரம்பி வழியும்போது, கலங்கல் நீரோடு ஏராளமான சிறு உயிர்கள் முகத்துவாரத்துக்கு அடித்து வரப்படுகின்றன. அப்போது கொடுவாவின் நடமாட்டம் மிகுதி. ஓட்டத்தின் வேகமும் அப்போதுதான் மிகுதி என்பதை மறக்கக்கூடாது.

மீன் மாட்டியபின்

மாட்டிய கொடுவா நீருக்கு மேல் துள்ளித் தலையை உதறும். பின்பு மறைவிடத்தை நோக்கி ஓடும். தூணையோ வேரையோ சுற்றிவிட்டால் நரம்பு அறுவது உறுதி. ஆகவே அடையாளம் தெரிந்தவுடன் நரம்பைக் கையில் எடுத்து, தளரவிடாமலும் முறுக்கி இழுக்காமலும் மீனைத் திறந்த நீருக்குக் கொண்டுவர வேண்டும். நரம்பை விரலில் சுற்றிக்கொள்வது ஆபத்து. துணி சுற்றிய கையால் பிடிப்பதே முறை. கரைக்கு வந்த மீனைக் கைவலையில் ஏந்த வேண்டும். கையால் தூக்குவதானால் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம். செவுளுக்குள் விரல் விடக்கூடாது. முதுகின் முன் துடுப்பில் உள்ள முட்களும் குத்தும். அதே தூண்டிலில் வரும் கெளுத்தியின் முள் நஞ்சுடையது. குத்தினால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும்.

பனிக்கட்டி ஏரிகளில் நிலைத்தூண்டில்

அமெரிக்காவின் வடபகுதி, கனடா, பின்லாந்து, ரஷ்யா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்துவிடும். அடியில் உள்ள நீர் உறைவதில்லை. இதற்குக் காரணம் நீரின் ஒரு தனித்தன்மை. பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிர அடர்த்தி மிகுந்துகொண்டே போகும். நன்னீரோ 4 பாகை செல்சியசில்தான் அதிக அடர்த்தியுடையது. அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வருகிறது. 0 பாகையில் உறைந்து மிதக்கிறது. எனவே மேலே பனிக்கட்டிக் கூரையும், அடியில் ஏறத்தாழ 4 பாகை நீரும் அமைகின்றன. மீன்கள் அந்த அடிநீரில் உயிர் வாழ்கின்றன.

பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்பாக இருந்தால்தான் ஒருவர் நடந்து செல்லலாம் என்பது அங்குள்ள பொது விதி. துரப்பணத்தால் துளையிட்டு, அதன் மேல் குறுக்குச் சட்டம் ஒன்றை வைப்பார்கள். சட்டத்தின் கீழ், நீருக்குள், நரம்பு சுற்றிய உருளை இருக்கும். காற்றில் இருந்தால் நரம்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் உருளையை நீருக்குள் வைக்கிறார்கள். சட்டத்தின் மேல், விற்சுருள் பட்டையில் கட்டிய சிறு கொடி மடக்கி மாட்டப்பட்டிருக்கும். மீன் இரையை இழுத்தால் உருளை சுழலும்; கொக்கி விடுபடும்; கொடி சட்டென்று நிமிரும். இதற்கு அங்கே டிப்-அப் என்று பெயர். கூடாரத்தில் குளிர் காய்ந்துகொண்டிருப்பவர் கொடியைக் கண்டு ஓடிவருவார்.

குளிர்ந்த நீரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகிறது. பெருவாய் பாஸ் போன்றவை குளிர்காலத்தில் மிகக் குறைவாகவே இரை எடுக்கும். ஒரு கடிக்காகப் பல மணிநேரம் துளையருகே நிற்பது கடினம் என்பதால், பல துளைகளில் டிப்-அப் வைத்துக் காத்திருக்கும் முறை பரவியது. கொடுவாவோ வெப்பநாட்டு மீன். நீர் 20 பாகைக்குக் கீழே குளிர்ந்தாலே இரை எடுப்பதைக் குறைத்துவிடும். பனிக்கட்டி ஏரியில் பிழைக்காது.

இரு முறைகளிலும் வேலையைத் தூண்டில் செய்கிறது. மனிதர் காவல் இருக்கிறார். அந்தக் காவலை அங்கே சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பனிக்கட்டியின் மேல் ஒருவர் 2 தூண்டில்கள் மட்டுமே வைக்கலாம். டிப்-அப் வைத்தவர் அதிலிருந்து 200 அடிக்குள் இருக்க வேண்டும். கவனிப்பாரற்ற தூண்டில் மீனை வீணாக்கும் என்பதே இவ்விதியின் கருத்து. இது நம் கழிகளுக்கும் பொருந்தும்.

உப்பளமும் மீனும்

உப்பளத்துக்கு எடுக்கும் உவர்நீர் முதலில் பெரிய தேக்கப் பாத்தியில் நிற்கும். பிறகு வெயிலில் வற்ற வற்ற, ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளுக்கு மாற்றப்படும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. கறியுப்பு படியத் தொடங்கும்போது அடர்த்தி ஏறத்தாழ 25 போமே பாகையை எட்டியிருக்கும். அந்த நீரில் எந்த மீனும் வாழாது. ஆனால் முதல் தேக்கப் பாத்தியின் நீர் கழிநீரைப் போன்றதே. நீரோடு நுழையும் இறால் குஞ்சும் மடவைக்குஞ்சும் கொடுவாக்குஞ்சும் அங்கே சில காலம் வளரும். நீர் அடுத்த பாத்திக்குப் போனால் அவை மடியும். வாய்க்கால் மதகில் கண் சிறுத்த வலை கட்டுவதால் பெரும் பகுதியைத் தடுக்கலாம். கழிவாக வெளியேறும் அடர் உப்புநீரை ஓட்டமில்லாத சிறு ஓடையில் விடாமல் இருப்பதும் குஞ்சுகளைக் காக்கும்.

மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் நின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேறு வருமானம் தேவைப்படுகிறது. கழியில் மீன் பெருகும் காலமும் அதுவே. இப்பகுதியின் இருளர் மக்கள் உப்பளத்தில் வேலை செய்வதோடு, கழியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் மீனும் பிடிக்கின்றனர். படகோ பெரிய வலையோ இல்லாத இவர்களுக்குக் கழியின் வளம் குறைந்தால் மாற்று இடம் இல்லை. குப்பங்களின் மீனவர் கடலுக்குப் போக முடியாத கொந்தளிப்பு நாட்களில் கழிக்கு வருகின்றனர். கொடுவாவின் எண்ணிக்கை குறைவது இவ்விரு தரப்பையும் பாதிக்கும்.

ஒழுங்குமுறை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. கழியில் தூண்டில் போடுபவரை இது கட்டுப்படுத்துவதில்லை. மேலும் கொடுவாவின் இனப்பெருக்கம் மழைக்காலத்தை ஒட்டியது. தடைக்காலமோ கோடையில் வருகிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இம்மீனுக்கு இருபுற அளவு விதி உள்ளது. 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறியதை விடுவது பல இடங்களில் உள்ள விதி. பெரியதையும் விடச் சொல்வது, அது முட்டையிடும் பெண் என்பதால். அம்மாநிலத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி மூன்று மாதம் பிடிக்கவும் தடை உண்டு. அங்கே அது இனப்பெருக்கக் காலம்.

இவ்விதியை அப்படியே இங்கே கொண்டுவருவது எளிதன்று. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம். அன்றைய அரிசிக்காகப் பிடிப்பவரிடம் அதைக் கேட்க முடியாது; சந்தையில் பெரிய கொடுவாவுக்கே விலை அதிகம். ஆயினும் அரைக்கிலோவுக்கும் குறைந்த குஞ்சுகளை விடுவது எவருக்கும் பெரிய இழப்பன்று. அவை ஓரிரு ஆண்டில் பல மடங்கு எடையுடன் திரும்பி வரும். வட்ட முள்ளைப் பயன்படுத்துவது, தூண்டிலை விட்டு அகலாதிருப்பது, முகத்துவாரத்தைக் குறுக்கே முழுவதும் வலையால் அடைக்காதிருப்பது ஆகியவை செலவில்லாமல் செய்யக்கூடியவை. பொழுதுபோக்குக்காக வரும் வெளியூரார் பெரிய மீனை விட்டுவிடுவது, இங்கே பிழைப்பவருக்கு அவர்கள் செய்யும் உதவியாகும்.

பறவைகளும் அறுந்த நரம்பும்

கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151.6 ஹெக்டேர் பரப்புள்ள இச்சரணாலயம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியானது. சரணாலய எல்லைக்குள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும். ஆகவே புதியவர்கள் தூண்டில் போடும் முன், அவ்விடம் எல்லைக்குள் உள்ளதா, மீன்பிடிக்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டறிய வேண்டும்.

நைலான் நரம்பு மக்காது. அறுந்து புல்லில் சிக்கிய நரம்பு, நாரைகளின் கால்களைச் சுற்றி இறுக்கும். இரையோடு விடப்பட்ட முள்ளை நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் என்று விழுங்கிவிடும். நீர்மட்டத்தை ஒட்டி இரை மிதக்கும் தூண்டிலில் இந்த ஆபத்து அதிகம். ஈயம் கட்டி ஆழத்தில் நிறுத்தினால் குறையும். மாலையில் போட்ட தூண்டில்களை எண்ணி, அத்தனையையும் திரும்ப எடுத்துச் செல்வதே நல்ல பழக்கம்.

வளர்ப்பு

சென்னையில் 1987 இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997 இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. சீர்காழியை அடுத்த தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சு பொரிப்பகம் உள்ளது. இவற்றால் காட்டில் குஞ்சு பிடிக்காமலே குளங்களிலும் கூண்டுகளிலும் கொடுவா வளர்க்க முடிகிறது. குஞ்சுகள் தம்மில் சிறியவற்றை விழுங்கும் இயல்புடையவை. தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள குஞ்சைக்கூட ஒரு கொடுவாக்குஞ்சு விழுங்கிவிடும். அதனால் வளர்ப்பவர்கள் சில நாட்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்து விடுகிறார்கள்.

பாதுகாப்பு

முகத்துவாரத்தில் நீர் வடியும்போது இடுப்பளவு ஆழத்தில்கூட நிற்க முடியாத இழுப்பு உண்டாகலாம். மணல்திட்டின் விளிம்பு காலடியில் சரியும். மழைக்காலத்தில் கழுவேலி நிரம்பி வெளியேறும் நாட்களில் முகத்துவாரத்தில் இறங்கக்கூடாது. சேற்றில் கால் புதைந்தால் உதறாமல், உடலைச் சாய்த்து மெல்ல விடுவிக்க வேண்டும். இடி மின்னலின்போது உப்பளம் போன்ற வெட்டவெளியில் நிற்பவரே உயரமான பொருள் ஆகிறார். நனைந்த கழியைக் கையில் பிடித்திருப்பது மேலும் ஆபத்து. இரவில் தனியே செல்லாமல் இருவராகச் செல்வதும், எந்த ஓடைக்குப் போகிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் கழியில் பழகியவர்களின் வழக்கம்.